கையில் இருந்தால் ஓடும்

"வாட்ச் நின்னுடுச்சாம்," என்றார் மாமனார்.

"யாரோட வாட்ச் மாமா?"

"உன் அத்தையோடதுதான். நேத்து சொன்னா. ஒரு பேட்டரி போட்டுக் குடும்மா."

அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். அத்தை இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

மேசையில் ஒரு சின்னப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே பெண்கள் கட்டும் வாட்ச். தோல் பட்டை கிடையாது. வளையல் மாதிரி ஒரு உலோக வளையம், ஒரு பக்கம் கீல், மறுபக்கம் கொக்கி. முகப்பு கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

"இப்ப எதுக்கு மாமா இது?"

"ஞாயித்துக்கிழமை நான் ஷெட்டுக்குப் போறேன்ல. கையோட எடுத்துட்டுப் போகணும். இல்லன்னா நேரம் தெரியாம அவ எப்படி வருவா?"

ஷெட் என்று அவர் சொன்னது முதியோர் ஹோமை. அவர் பஸ் ஓட்டியவர். ஹோமைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான் சொல்கிறார். "வண்டி கண்டமாயிடுச்சு. ஷெட்டுல விடறான் என் புள்ள." சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கேட்பவர்களால் சிரிக்க முடியாது.

முடிவை எடுத்தது கணவன். சாட்சி சொன்னது அவள்.

அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்காக விடிவதற்கு முன்பே போய்விடுவாள். மத்தியானம் வீடு திரும்பி, மாமனாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம். அந்த நேரத்தில் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். எழுந்து வந்தால் ஏதாவது நடந்திருக்கும். வாசற்கதவு விரியத் திறந்து கிடக்கும். குழாய் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் பாத்திரம் எதுவும் இல்லாமல் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. போன வாரம் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகி, புகை படுக்கையறைவரை வந்து அவளை எழுப்பியது. ஹாலில் மாமனார் மேசை முன்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

"நான் இல்லம்மா. அவ வெச்சா. பேச்சு சுவாரசியத்துல மறந்துட்டா."

கணவனிடம் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியாது. அவன் அழைத்துப் போன டாக்டர் மாமனாரிடம் கிழமை கேட்டார், வருஷம் கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். "கணக்கு கண்டக்டர் வேலைங்க. நான் ரோட்டைப் பாக்கறவன்," என்றார் மாமனார். டாக்டர் சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார். அந்த வாரமே கணவன் ஹோமில் இடம் பிடித்துவிட்டான்.

அவளுக்கு மனது ஒப்பவில்லை. பசித்தாலும் அவள் வரும்வரை சாப்பிடாமல் காத்திருக்கிற மனிதர் அவர். ஆனால் எதிர்த்துப் பேச அவளிடம் எதுவும் இல்லை. பேசவேண்டியதையெல்லாம் முன்பே பேசியிருந்தாள்.

வாட்சையாவது ஓட வைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தாள்.

பின்மூடியின் விளிம்பில் ஒரு பள்ளம் இருந்தது. கத்தி முனையை வைத்து நெம்பினாள். மூடி டப்பென்று வந்தது. பேட்டரியை மேலிருந்து ஒரு மெல்லிய தகடு நாக்கு மாதிரி அழுத்திக்கொண்டிருந்தது. புருவம் எடுக்கும் இடுக்கியால் தகட்டைத் தூக்கிப் பேட்டரியைத் தோண்டி எடுத்தாள். மாமனார் காதில் வைக்கும் மெஷினுக்கு வாங்கி வைத்திருந்த பேட்டரிகள் அலமாரியில் இருந்தன. அதே அகலம், அதே கனம். ஒன்றை எடுத்து, ஸ்டிக்கரை உரித்து, குழியில் வைத்து விரலால் அழுத்தினாள். நொடிமுள் துள்ளியது.

"ஓடுது மாமா."

மூடியைப் போட்டு அழுத்தி மேசையில் வைத்தாள். முள் நின்றது.

லேபில் ஒரு பழக்கம் உண்டு. ரிசல்ட் கோணலாக வந்தால் முதலில் தன் கையைச் சந்தேகப்பட வேண்டும். அப்புறம் மெஷினை. ரத்தத்தைக் கடைசியில். அவள் அந்த வரிசையில் போனாள். பேட்டரியைத் தலைகீழாக வைக்கவில்லை. விரல் பிசுக்கு பட்டிருக்கலாம் என்று ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். நேரம் திருப்பும் திருகை இழுத்து, மறுபடி உள்ளே தள்ளினாள். முட்கள் ஒன்றோடொன்று உரசவில்லை. திறந்து வைத்து விரலால் அழுத்தினால் ஓடியது. மூடி வைத்தால் நின்றது.

"ஸ்டார்ட்டிங் டிரபுள்," என்றார் மாமனார். "ரெண்டு பேர் இறங்கித் தள்ளினா ஓடும்."

மறுநாள் வேலை முடிந்ததும் வாட்ச் கடைக்குப் போனாள். ஃபோன் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், படிக்கட்டுக்குக் கீழே ஒரு ஆள் உட்காரும் இடம். கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார். உடனே லென்ஸைக் கழற்றினார்.

"அம்மா, இது காதுல போடற பேட்டரி."

"சைஸ் ஒண்ணுதானேங்க?"

"நானும் எங்க மச்சானும்கூட ஒரே சைஸ்தான். அவனைக் கொண்டாந்து இங்க உக்கார வெச்சா கடை என்னாகும்?"

பேட்டரியைத் திருப்பி அதன் முதுகில் இருந்த ஊசித் துளைகளைக் காட்டினார்.

"இது மூச்சு விடற ஜாதி. காத்து உள்ள போனாத்தான் கரண்ட் வரும். டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டீங்க. மூச்சு முட்டி நின்னிருக்கு."

அது அவளுக்குச் சரியாகப் பட்டது. அவர் வேறு பேட்டரி போட்டார். இடுக்கியின் ஒரு காலைப் பேட்டரி மேலும் மறுகாலைப் பக்கத்தில் இருந்த சின்னப் புள்ளியிலும் வைத்து எடுத்தார். "இப்படி ஒருவாட்டி உசுப்பி விடணும். இல்லன்னா புதுசு வந்ததே அதுக்குத் தெரியாது." மூடியை அழுத்தினார். உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் பிடித்தபடி நீட்டினார். முள் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டியை எடுத்து வரவில்லை. கையில் கட்டிக்கொண்டாள். கொக்கி சட்டென்று விழுந்தது. அத்தைக்கும் அவளுக்கும் ஒரே வளையல் அளவு.

வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவ வேண்டும் என்று கழற்றி வைத்தாள். முள் நின்றது. எடுத்து மூடியை அழுத்தினாள். ஓடியது. வைத்தாள். நின்றது. இந்த முறை விளங்கிவிட்டது. இடுக்கியால் தூக்கியபோது அந்தத் தகட்டை அவள்தான் மேல்நோக்கி வளைத்திருக்கிறாள். பேட்டரியை அது தொடுவதில்லை. கையில் கட்டினால் மணிக்கட்டு மூடியை உள்ளே தள்ளும், மூடி தகட்டைத் தள்ளும், வாட்ச் ஓடும். கழற்றினால் நின்றுவிடும். கடைக்காரர் கட்டைவிரலிலும் அதனால்தான் ஓடியது. மூச்சு முட்டியதெல்லாம் இல்லை.

நாளைக்கு மறுபடி கடைக்குப் போகலாம் என்று மேசையிலேயே விட்டுவிட்டாள். மணி பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தது. மாமனாரோடு சாப்பிட்டாள். படுத்தாள்.

எழுந்து வந்தபோது வாட்ச் அதே இடத்தில் இருந்தது. முள் ஓடவில்லை. ஆனால் அது காட்டிய நேரம் இரண்டைத் தாண்டியிருந்தது.

மேசையை ஆட்டிப் பார்த்தாள். குனிந்து காதை வைத்துப் பார்த்தாள். தானாகக் கொஞ்ச நேரம் ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அடுப்பு அணைந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. சமையலறையில் இரண்டு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

புதன்கிழமை வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனாள். ஷிஃப்ட் முழுவதும் மேசையில் வைத்திருந்தாள். அது ஒரு முள்ளையும் அசைக்கவில்லை. தானாக ஓடுகிற வாட்ச் இல்லை. திரும்பும்போது கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து, மேசையில் வைத்து, சாப்பிட்டுப் படுத்தாள். எழுந்து வந்தாள். வாட்ச் ஒன்றரை மணி நேரம் முன்னால் போயிருந்தது.

மாமனார் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இதை எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு எடுக்கறேன்? எனக்கு அது சேருமா?"

"கையைக் குடுங்க."

"ஊசியா?" என்று கேட்டுக்கொண்டே இடது கையை நீட்டி, சட்டைக் கையை மேலே ஏற்றினார். அவள் வளையத்தைத் திறந்து அவர் மணிக்கட்டில் வைத்தாள். கொக்கிக்கும் துவாரத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அடுத்து, வாட்சை அவர் கையில் கொடுத்துக் கட்டைவிரலால் மூடியை அழுத்தச் சொன்னாள். அழுத்தினார். கை நடுங்கியது. முள் ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. அவர் சலித்துப்போய்க் கீழே வைத்தார்.

"மத்தியானம் இதை யார் கட்டினாங்க மாமா?"

"அவதான்."

"யாரு மாமா?"

"ஒரே ஸ்டாப்புல எத்தனை தடவைம்மா நிறுத்துவ?"

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவங்க வந்தா எங்க உக்காருவாங்க?"

மோவாயால் எதிர் நாற்காலியைக் காட்டினார். அது மேசையிலிருந்து கொஞ்சம் இழுத்துப் போடப்பட்டிருந்தது.

"என்ன பேசுவாங்க?"

"என்னத்தைப் பேசுவா. பழசு. அப்புறம் உன்னைப் பத்தி."

"என்னைப் பத்தி என்ன?"

யோசித்தார். "பாவம், அசந்து தூங்கறா. சத்தம் போட்டு எழுப்பிடாதீங்கன்னு."

அடுத்த நாள் வாட்சைப் பெட்டியில் போட்டு, பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். ஒருக்களித்துப் படுத்து, சாவியைக் கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

எழுந்தபோது சாவி சங்கிலியில் இருந்தது. பீரோ பூட்டியிருந்தது. திறந்தாள். வாட்ச் பெட்டிக்குள் இருந்தது. மத்தியானம் நின்ற இடத்தில் முள் இல்லை.

படுக்கையில் உட்கார்ந்தாள். வெளியே யாரோ ஒரு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் இன்னும் சுவரில் இருந்தது. வாட்சை வலது கையில் பிடித்தபடி இடது கையைப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றி ஒரு சிவந்த கோடு. உள்பக்கத்தில், கொக்கி விழும் இடத்தில், தோல் கிள்ளியது போலச் சின்னத் தடம்.

அவள் நாள் முழுவதும் பார்ப்பது மற்றவர்களின் கைகளைத்தான். ரத்தம் எடுக்கக் கட்டுகிற ரப்பர் பட்டையை அவிழ்த்த பிறகு தடம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். இது சற்றுமுன் கழற்றிய தடம்.

பால் வைத்தது யார் என்று இப்போது கேட்க வேண்டியதில்லை. கதவைத் திறந்தது, குழாயைத் திறந்தது, காலி அடுப்பைப் பற்றவைத்தது. நான் இல்லம்மா என்று அவர் ஒவ்வொரு முறையும் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவள் கணவனிடம் போய்ச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அவள் படுக்கவில்லை. ஹாலில் உட்கார்ந்து ஒரு துணியை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். மாமனார் துவைத்த சட்டை போட்டிருந்தார். படுக்கையறைப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ படுக்கலையா?"

"இல்ல மாமா."

"தலை வலிக்கப் போகுது. போய்ப் படு."

"பரவாயில்ல மாமா."

கொஞ்ச நேரம் விட்டு மறுபடி சொன்னார். பிறகு எழுந்து வாசல்வரை போய் வந்தார். அடுப்பு எரியவில்லை. கதவு திறக்கவில்லை. வாட்ச் மேசையில் நின்ற நேரத்திலேயே நின்றது. வெயில் இறங்கியதும் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"இன்னிக்கு வரல," என்றார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

அன்று மாலை கணவன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"அப்பாவுக்கு வந்தது உனக்கும் ஒட்டிக்கிச்சா?"

"விளையாடாதீங்க. என் கையைப் பாருங்க." நேற்றைய தடம் மறைந்திருந்தது.

"இங்க பாரு. கடைசி நேரத்துல மனசு இளகறது எல்லாருக்கும் வரும். எனக்கு மட்டும் இல்லையா? அதுக்காகக் கதை கட்டாத."

"கதை இல்லங்க. அவர் ஒண்ணும் பண்ணல. நான் சொன்னதை வெச்சு அவரை அனுப்பறீங்க. நான் சொன்னது தப்பு."

அவன் சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் செருகினான்.

"நாளைக்கு மத்தியானம் நீங்க வீட்டுலதானே இருப்பீங்க? உக்காந்து பாருங்க. என்னை எழுப்பாதீங்க. அடுப்பை மட்டும் பாத்துக்கங்க. ஒண்ணும் நடக்கலன்னா ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீ நடிச்சா?"

"நடிச்சா உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றான். லேசாகச் சிரித்தான். "நீ பொய் சொன்னா காது சிவந்துடும்."

சனிக்கிழமை சாப்பிட்டதும் வாட்சை மேசையில், அவன் கண் முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். பயத்தில் தூக்கம் வராது என்று நினைத்தாள். வந்தது.

எழுந்தபோது அறை மங்கியிருந்தது. இவ்வளவு நேரம் அவள் தூங்கியதில்லை. இடது கையைத் தடவிப் பார்த்தாள். தடம் ஆழமாக இருந்தது. வீட்டில் சத்தமே இல்லை. காய்ச்சிய பாலின் வாசனை.

ஹாலில் விளக்குப் போடவில்லை. மாமனாரும் கணவனும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் மூன்று டம்ளர்கள். அவளுடைய சீப்பு. கணவனின் தலை ஈரமாக, ஓரத்தில் வகிடெடுத்துப் படிய வாரியிருந்தது. அவன் அப்படி வாருவதில்லை. அவன் கண்கள் வீங்கியிருந்தன.

"பாத்தீங்களா?"

தலையசைத்தான்.

"நான்தானே?"

அவன் மாமனாரைப் பார்த்தான். மாமனார் டம்ளரைப் பார்த்தார்.

"சொல்லுங்க. அடுப்பைப் பத்த வெச்சது நான்தானே?"

"நான் அணைச்சுட்டேன்," என்றான். பிறகு, "ஹோமுக்கு ஃபோன் பண்ணிட்டேன். அப்பா நாளைக்கு வரலைன்னு சொல்லிட்டேன்."

அவள் காலியாக இருந்த நாற்காலியில் உட்காரப் போனாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அவள் உட்காராமல் நின்றாள்.

"நான் பேசினேனா?"

"பேசினாங்க."

"என்ன பேசினேன்?"

"என்னை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. அம்மா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாங்க, நான் பொடியனா இருக்கறப்ப. உங்கிட்ட நான் சொன்னதே இல்ல."

"என்ன பேர்?"

அவன் சீப்பை எடுத்து மேசை ஓரமாக நகர்த்தினான். அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க எப்பவாவது எங்கிட்ட சொல்லியிருப்பீங்க. இல்ல?"

"எனக்கே மறந்து போச்சும்மா," என்றார். "இன்னிக்கு அவ கூப்பிட்டப்பதான் ஞாபகம் வந்துச்சு."

விளக்கைப் போட்டாள். இருவரும் கண்ணைச் சுருக்கினார்கள்.

"ஏங்க, நான் டாக்டரைப் பாக்கணும்."

"பாக்கலாம்."

"திங்கக்கிழமையே போயிடலாம்."

"போலாம் போலாம். இப்ப என்ன அவசரம்? யாருக்கு என்ன கெட்டுப் போச்சு?"

"வாட்ச் எங்க?"

சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். "எங்கிட்ட இருக்கு. கடைக்கெல்லாம் கொண்டு போகாத. இப்படியே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை யாரும் எங்கும் போகவில்லை. கட்டி வைத்திருந்த பையைக் கணவனே பிரித்து, அப்பாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி அலமாரியில் வைத்தான். மத்தியானம் ஆனதும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒன்றும் வாங்கவில்லை. இருட்டும்போது திரும்பினாள். இரண்டு பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. அவள் போட்ட சாப்பாட்டை மாமனார் பாதியில் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை லேபிலிருந்து வந்தபோது வாசலில் கணவனின் செருப்பு கிடந்தது.

"ஆஃபீஸ் போகலையா?"

"அரை நாள் லீவு போட்டேன்."

உள்ளே வந்தாள். வாசற்கதவின் உச்சியில் புதுத் தாழ்ப்பாள் இருந்தது. படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் எப்போதும் கிடக்கும் ஸ்டூலைக் காணவில்லை. சமையலறை வாசலில் கால் தடுக்கும் மிதியடியையும் எடுத்திருந்தார்கள். படுக்கையறையில் ஜன்னல் திரைகளை இழுத்து விட்டிருந்தது. தலையணை உறை புதிது. ஃபேன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

மாமனார் துவைத்த சட்டையில் இருந்தார். கணவனும்.

"சாப்பிட்டுட்டுப் படு," என்றான் கணவன்.

"எனக்குத் தூக்கம் வரல."

"இருட்டோட எழுந்து போறவ. எப்படி வராம இருக்கும்?"

"நான் படுக்க மாட்டேன். டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னீங்க. இப்பப் போலாம் வாங்க."

அவன் கோபப்படவில்லை. அவள் பக்கத்தில் வந்து, கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தான். மெதுவாகத்தான் சொன்னான்.

"டாக்டர் ஒரு மாத்திரை எழுதுவார். அப்புறம் அவங்க வர மாட்டாங்க. நேத்து நீ வெளிய போயிட்ட. அப்பா ராத்திரியெல்லாம் கூடத்துல நடந்துட்டே இருந்தாரு. இதே மாதிரி போனா என்னால பாத்துக்க முடியாது. ஹோம்ல அந்த இடத்தை இன்னும் யாருக்கும் குடுக்கல."

"நீங்க சொல்றது என்னன்னு உங்களுக்குப் புரியுதா?"

"நீதானே அப்பா இங்கயே இருக்கணும்னு சொன்ன?"

அவள் மாமனாரைப் பார்த்தாள். காதில் மெஷின் இருந்தது. எல்லாம் கேட்டிருக்கும். ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தாள். வேணாம்டா, விட்டுடு அவளை. அவ்வளவு போதும். அவர் மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தினார். நிமிரவில்லை.

அவள் சாப்பிடாமல் உள்ளே போய்ப் படுத்தாள். கணவன் வந்து போர்வையை இழுத்து விட்டான். வாட்சைத் தலையணைப் பக்கத்தில், இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தான். கதவை முழுதாகச் சாத்தாமல் ஒரு விரல் இடைவெளி விட்டுப் போனான்.

அவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். ஃபேனின் மூன்று இறக்கைகளையும் தனித்தனியாகப் பார்க்க முயன்றாள். வெளியே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை.

"தூங்கிட்டியா?" என்று கதவிடுக்கில் கணவன் கேட்டான்.

"இல்ல."

கொஞ்ச நேரம் போனது.

"தூங்கிட்டியா?"

"இல்ல," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட மெதுவாக வந்தது.

"தொந்தரவு பண்ணாதடா," என்று ஹாலிலிருந்து மாமனார் சொன்னார். "வருவா."